மன்னிப்புக்கு ஒரு பெட்டி இனிப்பு

மே 13, திங்கள்

மழை. நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் கூட்டமில்லை. குளிர்காலக் கோட்டுகள் எல்லாம் போன மாதமே வந்து போய்விட்டன. செண்டாய் நகரத்திலிருந்து என் கணவர் தெட்சுயா போனில் பேசினார். மாற்றலாகித் தனியாக அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது, குக்கரில் எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று இன்னும் என்னைத்தான் கேட்கிறார். மகள் மினோரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பதினாறு வயதில் பெண்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்கிறார் கடை மேலாளர். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

மே 16, வியாழன்

பள்ளியிலிருந்து போன் வந்தபோது ஒரு கிமோனோவில் சோயா கறை எடுத்துக்கொண்டிருந்தேன். மினோரி பள்ளிக் கழிப்பறையில் மயங்கிக் கிடந்தாளாம். இருமல் மாத்திரை. மருந்துக் கடையில் யாரும் வாங்கலாம், அதை அள்ளி விழுங்கியிருக்கிறாள். கூட இருந்த தோழி ஹசுமியும் கொஞ்சம் போட்டிருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் மினோரி சொன்ன முதல் வார்த்தை "மன்னிச்சிடுங்க." யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நர்ஸிடமாகவும் இருக்கலாம்.

மே 18, சனி

"முதல்ல ஹசுமி வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுடு. லேட்டாப் போனா அசிங்கம்," என்றார் தெட்சுயா. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போக முடியாது. இனிப்புக் கடையில் மூன்று பெட்டி வாங்கினேன்: ஹசுமி வீட்டுக்கு, பள்ளிக்கு, மருந்துக் கடைக்கு. சிவப்புப் பயறு கேக். வெளிர் நீலக் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னேன், பண்டிகை மாதிரி தெரியக் கூடாதே.

ஹசுமியின் அம்மா தொகுஹிசா கதவைத் திறந்ததும் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தேன். மினோரி குனிந்தது போதவில்லை என்று தோன்றியது. அவள் பின்கழுத்தில் கை வைத்து அழுத்தினேன்.

"ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்," என்று சொல்லிக்கொண்டே தொகுஹிசா பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மருந்துக் கடைப் பெண்ணுக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

மே 19, ஞாயிறு

தொகுஹிசா பதிலுக்கு ஒரு பெட்டியோடு மன்னிப்புக் கேட்க வந்தார். நாங்கள் வாங்கிய கடையைவிட விலை கூடிய கடை. வாசலில் இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்தோம். பிள்ளைகள் ஏன் மாத்திரை போட்டார்கள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மே 20, திங்கள்

பள்ளி. செய்த தவற்றுக்கு வருந்தி மினோரி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு, "மனசார எழுதியிருக்கா," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

கிளம்பும்போது, மாணவர்கள் காலணி வைக்கும் இடத்தில் சுகாதார அறை டீச்சர் குவானோ என் கையில் ஒரு நம்பரைத் திணித்தார். "மாகாணத்து மனநல மையம். பெத்தவங்க மட்டும் தனியாப் போனாலும் பேசுவாங்க." எங்கள் விஷயம் முடிந்துவிட்டது என்று பணிவாகச் சொன்னேன்.

ஜூன் 2, ஞாயிறு

நன்றாகச் சாப்பிட்டாள். சிரித்தாள்கூட.

ஜூன் 11, செவ்வாய்

மெத்தை உறையைத் துவைக்கக் கழற்றினேன். உள்ளேயிருந்து காலி மாத்திரை அட்டைகள் சரசரவென்று கொட்டின. புதியவை.

பள்ளியிலிருந்து வந்தவளிடம் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பையைக் கழற்றாமலே தரையில் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தாள். "மன்னிச்சிடும்மா. இனிமே சத்தியமா செய்ய மாட்டேன்."

அழகாகச் செய்தாள். தொகுஹிசா வீட்டு வாசலில் கேட்ட அதே குரல், அதே சொல்லுக்குப் பிறகு அதே சின்ன நிறுத்தம்.

எனக்குப் பயமாயிருக்கு. இவ இப்படியே குனிஞ்சு குனிஞ்சு ஒருநாள் எழுந்திரிக்காமப் போயிட்டா? மன்னிப்புக் கேட்டா முடிஞ்சு போச்சுன்னு யார் சொல்லிக் கொடுத்தது? நான்தானே. பின்கழுத்துல கைய வச்சு நான்தானே அழுத்தினேன்.

ஜூன் 12, புதன்

அந்த நம்பருக்குப் போன் செய்தேன். "பேர் சொல்ல வேண்டாம்," என்றது ஒரு பெண் குரல். போலீசுக்குச் சொல்வீர்களா, பள்ளிக்குச் சொல்வீர்களா என்று கேட்டேன். "ரெண்டும் கிடையாது. பொண்ணு வரலைன்னாலும் பரவாயில்ல, நீங்க வாங்க." வியாழக்கிழமைதோறும் பெற்றோர் கூடுகிறார்களாம். பணம் வேண்டாம்.

தெட்சுயாவுக்கு இஷ்டமில்லை. "அங்கெல்லாம் போனா வெளிய தெரிஞ்சிடும்," என்றார்.

"தெரியட்டும்," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

ஜூன் 20, வியாழன்

மையத்துக்கும் ஒரு பெட்டி இனிப்போடுதான் போனேன். வேறெப்படிப் போவது?

அங்கே வேலை செய்யும் ஹதகேதா என்பவர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "அரசாங்க ஆபீஸ், நாங்க வாங்கக் கூடாது. யார்கிட்டங்க மன்னிப்பு கேக்க வந்தீங்க?" பெட்டியை மேசை மேல் வைத்தேன். பிறகு அங்கிருந்த பெற்றோர்களே பிரித்துச் சாப்பிட்டோம்.

எதிரே இருந்த ஒரு அம்மா, வாயில் கேக்கோடு, "என் பையன் மன்னிப்பு கேக்குறதுல பெரிய ஆளு. தேசியப் போட்டிக்கே அனுப்பலாம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உடனே கண்ணீர் வந்தது, எதனால் என்று தெரியவில்லை.

"மாத்திரை போட்டா அவளுக்கு என்ன நல்லா இருக்குன்னு எப்பவாவது கேட்டீங்களா?" என்றார் ஹதகேதா.

கோபம் வந்தது. விஷத்தில் நல்லது என்ன இருக்கிறது? ரயிலில் வரும்போதும் கோபமாகத்தான் இருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

காரில் போகும்போது, ஹதகேதா சொன்ன கேள்வியை மினோரியிடம் கேட்டேன். முகம் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "கிளாஸ்ல எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டே இருக்கணும்மா. யாருக்கு என்ன பிடிக்கல, எப்பச் சிரிக்கணும்னு. அத போட்டா பாக்க வேண்டாம்."

"வீட்லயும் அப்படித்தானா?"

"வீட்லதான் ஜாஸ்தி."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மன்னிச்சிடு என்ற சொல் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் உடனே, இல்லம்மா நீதான் மன்னிக்கணும் என்றிருப்பாள், அதோடு பேச்சு முடிந்திருக்கும்.

ஜூன் 27, வியாழன்

மையம். பெட்டி இல்லாமல் போனேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மினோரி வந்து பக்கத்தில் நின்றாள்.

"நேத்து போட்டேன். முன்ன மாதிரி அவ்வளவு இல்ல. மீதி இது."

அட்டைகளை நறுக்குப் பலகை ஓரத்தில் வைத்தாள். இனி குனிவாள் என்று காத்திருந்தேன். குனியவில்லை. விறைப்பாக நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். மன்னிப்பு என்ற சொல் வரவே இல்லை.

அடுப்பை அணைத்தேன்.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"குமட்டுது," என்றாள். "பயமாவும் இருக்கு. வியாழக்கிழமை நானும் வரட்டா?"