நிசாத்தத்தின் ஐந்தாம் படி

என் ஸ்டெல்லாக்காவுக்கு,

மூன்று நாளாக நான் வாயைத் திறக்கவில்லை. நம்புவாயா? நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் இது சிரிக்கிற காரியமில்லை அக்கா, உன் மகளுக்காகத்தான். வாயைத் திறக்காமல் உன்னோடு பேச எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நம் ஊர் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி ஏறி நாம் இருவரும் பள்ளிக்கூடம் போவோமே, அக்கரையின் பெயர் சாத்தம். என் காதில் அது ‘சத்தம்’ என்றுதான் விழுந்தது. சத்தம் என்று ஓர் ஊர் இருந்தால் சத்தமே இல்லாத ஊரும் எங்கேயாவது இருக்கவேண்டும் என்றாய் நீ. அப்படிப் பிறந்த தீவுதான் நிசாத்தம்.

அதற்குச் சாமிகளையும் நீதான் படைத்தாய். ஃபெர்ரி வந்து நிற்கும் நம் ஜெட்டியைப் போல ஐந்து படி. இறங்க இறங்கப் பதவி பெரிது. முதல் படியில் வாயாடிச்சாமி, பகலெல்லாம் பேசுவார். இரண்டாம் படிச்சாமி கேள்வி மட்டும் கேட்பார். மூன்றாவது சாமிக்கு ஆமாம், இல்லை, அவ்வளவுதான். நான்காவதற்கு நாளுக்கு ஒரே சொல். ஐந்தாம் படி தண்ணீருக்குள். அங்கே இருப்பவள் பேசாதவள். கப்பல் டிக்கெட் ஆபீசில் மனு மேசை மேசையாகப் போவதுபோல நம் வேண்டுதலும் படிப்படியாக இறங்கும், படிக்குப் படி வார்த்தை குறையும். அவளிடம் சேரும்போது ஒரு வார்த்தையும் மிச்சமிருக்காது. அதைத்தான் அவள் கேட்பாள் என்று நீல நோட்டில் எழுதிவைத்தாய்.

ஒருநாள் ஃபெர்ரியில் என் தொணதொணப்புத் தாங்காமல் என்னையே பேசாதவளாக்கினாய். என்னை அடக்க நீ செய்த தந்திரம்! பெரிய சாமியாகிவிட்ட பெருமையில் அக்கரை வரை நான் வாயைத் திறக்கவில்லை.

நீ போய் ஏழு மாதம். உன் பெட்டியிலிருந்து அந்த நோட்டை மெர்லின் எடுத்துவிட்டாள். பதினோரு வயதுப் பிள்ளை, விளையாடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தவள் அல்லவா அவள்? தொண்டையில் வந்த நோய் உன் பேச்சை எப்படித் தின்றது என்று பார்த்தவள். முதலில் ஓயாமல் பேசினாய். பிறகு சாப்பிட்டியா, அப்பா வந்தாச்சா என்று கேள்வி மட்டும். பிறகு ஆமாம், இல்லை. கடைசி வாரம் நாளுக்கொரு சொல், அப்புறம் அதுவும் நின்றது. நோட்டைப் படித்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அம்மா படியிறங்கித்தான் போயிருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டாள்.

அவளும் இறங்கத் தொடங்கினாள். முதலில் எல்லாவற்றுக்கும் கேள்வியாகவே பதில் சொன்னாள். நான் சிரித்தேன், புத்திகெட்டவள். பள்ளிக்கூடத்து மிஸ் என்னை அழைத்து, ‘பச்சி போல்தி நஹி’, பிள்ளை பேசுவதே இல்லை என்று சொன்னபோது அவள் நான்காம் படிக்கு வந்துவிட்டிருந்தாள். துக்கம், போகப்போகச் சரியாகும் என்றார் பங்குச் சாமியார். கடலுக்குப் போய்த் திரும்பிய அத்தான் நோட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்று குதித்தார். கிழித்து என்ன? அவளுக்கு அது மனப்பாடம்.

‘ஏட்டி, என் வாய அடைக்க உங்கம்மா கட்டுன கதை அது’ என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கான ஒரே சொல்லை எனக்குச் செலவழித்தாள்.

‘பொய்.’

போன வாரம், கடல் ஏறியிருந்த ஒரு சாயங்காலம், அவளைக் காணவில்லை. ஜெட்டிக்கு ஓடினேன். நான்காம் படியில் நின்றிருந்தாள், கணுக்கால் வரை தண்ணீர், அடுத்த படி கண்ணுக்கே தெரியவில்லை. இழுத்துக்கொண்டு மேலே வந்து கண்டபடி ஏசினேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: ‘கூப்பிட்டா.’

நீ கூப்பிட்டாயா அக்கா? அந்த நேரத்தில் ஜெட்டியில் ஒரு சத்தமுமில்லை. ஃபெர்ரியின் இரைச்சல் இல்லை, காக்காய் இல்லை, படியில் அலை மோதுகிற சத்தம்கூட இல்லை. பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறேன், அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் படித்தேன். பேசாதவளின் இடம் ஒருத்திக்குத்தான், அவளாக எழுந்தாலொழிய இன்னொருத்தி உட்கார முடியாது என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் என் பெயர். மெர்லினும் படித்திருப்பாள்; இந்த வாயை வைத்துக்கொண்டு சித்தியாவது பேசாதவளாவது என்று தள்ளியிருப்பாள். சரி, நோட்டைத்தான் நம்புகிறாள் என்றால் நோட்டின்படியே நடப்போம் என்று முடிவெடுத்தேன். அந்த வரியை விரலால் அவளுக்குக் காட்டிவிட்டு வாயை மூடினேன். தையல் கடையில் தொண்டைக்கட்டு என்று நினைக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஜெட்டிக்குப் போய் அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் என் வாயையே பார்த்தாள்.

‘சித்தி, எந்திரி. அம்மாவுக்கு எடம் வேணும்.’

ஐந்து வார்த்தை! கட்டிக்கொண்டு கத்தவேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அழுதாள், தோளில் அடித்தாள், பிறகு ஏசத் தொடங்கினாள். வீடு வரைக்கும் விடாமல் ஏசிக்கொண்டே வந்தாள். எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாகிக்கொண்டு வருகிறது. வார்த்தை இப்போது தொண்டை வரைகூட வருவதில்லை. இன்று அவள் வருவதற்கு முன்னால், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள். உன் குரலா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

நீயாக இருந்தால் கேட்டுக்கொள். உன் மகள் பழையபடி வாயாடியாகும் வரை நான் அந்த இடத்தைவிட்டு எழமாட்டேன். அவளைக் கூப்பிடாதே அக்கா. கூப்பிட்டே ஆகவேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு, நான் பதில் சொல்லமாட்டேன்.

உன் மகளுக்குக் காவலிருக்கும்
உன் தங்கச்சி பெல்சி