மாலை அசையாத நாள்

அப்பா,

உங்கள் போன் என் போர்வைக்குள் சூடாக இருக்கிறது. நீங்கள் போய் ஐந்து மாதமாகியும் இரவில் அதற்குச் சார்ஜ் போடுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் அவர் புரண்டு படுப்பது கேட்கிறது. அதனால் பேனாவை அழுத்தாமல் எழுதுகிறேன்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த பிளாட்டை விட்டு பியர்பொன்ட்ஸ் பக்கம் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த கிழமையே, ஆள் நுழைந்தால் அடிக்கும் அலாரம் ஒன்றை நீங்கள் பூட்டுவித்தீர்கள். "களவெடுக்க இஞ்ச என்ன கிடக்கு, அரிசி மூட்டையோ?" என்று அம்மா நக்கலடித்தார். அலாரம் அடித்தால் கம்பனிக்காரர் முதலில் உங்களை அழைப்பார்கள், நீங்கள் எடுக்காவிட்டால் அம்மாவை, பிறகுதான் பொலிசை என்று எனக்கு விளக்கினீர்கள். "நீ உள்ளுக்கு நிண்டு பாக்காதை, பிள்ளை. முதல் வெளியில ஓடு. பேந்து கூப்பிடு."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் உங்கள் படத்தை ஹோலில் மாட்டி நீளமான பிளாஸ்டிக் மாலை போட்டோம். அதற்குக் கீழேதான் சூட்டுக் காற்று வரும் துவாரம். குளிர் தொடங்கியதும் காற்று மாலையை ஆட்ட, எதிர்ச் சுவரிலிருந்த சென்சார் அதை ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொண்டது. உங்கள் போனை எடுக்க ஆளில்லை. அம்மாவின் போன் வேலையிடத்து லாக்கரில். பொலிஸ் இரண்டு தரம் வீணாக வந்து போனது.

பிறகு பொலிசிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்குள் யாரோ நுழைந்ததை ஒருவர் உறுதிப்படுத்தினால்தான் இனி வருவார்களாம். பிரெஞ்சில் இருந்ததை அம்மாவுக்கு வாசித்துச் சொல்லி, மாலையைக் கழற்றுவோமா என்று கேட்டேன்.

"அப்பான்ர மாலையில கை வைக்காதை."

நானும் வற்புறுத்தவில்லை. அலாரம் அடித்ததெல்லாம் நீங்கள் வந்து போனது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து உங்கள் போனைப் புத்தகப் பையில் கொண்டு திரிகிறேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. மாலைதான் என்று உள்ளே போனேன். பைக்குள் போன் அதிர்ந்தது. கம்பனிப் பெண் ரகசியச் சொல்லைக் கேட்டாள், சொன்னேன். யாரும் வரவில்லை, பொலிஸ் தேவையில்லை என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அலாரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். பின்கதவு திறந்து கிடந்தது. காலையில் நான்தான் பூட்ட மறந்திருக்க வேண்டும். தரையில் பெரிய சப்பாத்துத் தடங்கள். அவற்றிலிருந்த பனி இன்னும் உருகவில்லை. திரும்பி ஹோலைப் பார்த்தேன். மாலை அசையவே இல்லை.

மேல்மாடியில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டினேன். தரையைத் துடைத்தேன். அம்மா வந்ததும் சோறு சாப்பிட்டோம். அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. பின்கதவை மட்டும் இரவில் நாலைந்து தரம் போய்ப் பார்க்கிறேன்.

விடிந்ததும் அம்மாவிடம் சொல்லப்போகிறேன், கதவைப் பற்றியும் போனைப் பற்றியும். ஏசுவார். ஏசட்டும். கம்பனியின் பட்டியலில் உங்கள் பெயரை வெட்டச் சொல்ல வேண்டும். மாலையை நானே கழற்றுவேன்.

இனி அலாரம் அடித்தால் அது நீங்கள் இல்லை, அப்பா. நான் வெளியே ஓட வேண்டும்.