கிரான்பெர்ரி மாத்திரையும் கவுண்டர் பலகையும்

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, வாண்டு. நீர்க்கடுப்பு வராமலிருக்க நீ அனுப்பிய கிரான்பெர்ரி மாத்திரை வேலை செய்ததா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன். அதனால்தான் கடிதம். நானும் அப்பாவும் சுகம். இப்போது உண்மையாகவே சுகம். நீயும் அப்படி இருந்தால் போதும்.

போன மாதம் அப்படி இல்லை. என் படகுத்துறை டிக்கெட் கவுண்டர் உனக்குத் தெரிந்ததுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். இந்தப் பக்கம் ஒரு மடக்குக் குடிக்க நான் யோசிப்பேன். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் ‘மூடியிருக்கிறது’ பலகையை மாட்ட வேண்டும், மாட்டினால் வரிசை முணுமுணுக்கும். ஒருவர், “இப்பத்தானே போய்ட்டு வந்தீங்க, அதுக்குள்ள மறுபடியுமா?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். அதிலிருந்து பலகை மேசைக்கு அடியில்தான். அடக்குவேன். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். பக்கத்துக் கவுண்டர்க்காரி, சூறாவளி என்று கூப்பிடுவோமே, அவளுக்கும் இதே கதைதான்.

உன் மாத்திரை வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குடித்த கொஞ்சத் தண்ணீரையும் குறைத்தேன். கவசம் போட்டாயிற்று, இனி எவ்வளவு நேரம் அடக்கினாலும் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு. சூறாவளிக்கும் பங்கு கொடுத்தேன். “அப்போ மதியப் படகு கிளம்புற வரைக்கும் எந்திரிக்கவே வேண்டாம்ல அக்கா” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எரிச்சல் ஆரம்பித்தபோது டாக்டரிடம் போகாமல் மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். அப்பா தன் பங்குக்கு அதே பழத்தின் சாறு என்று ஒரு பெரிய பாட்டில் வாங்கி வந்தார், வாயில் வைத்தால் சர்க்கரைப் பாகு. அப்புறம் முதுகுவலி, குளிர், காய்ச்சல். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. “நீர்க்கடுப்பு அடிக்கடி வர்ற பெண்கள்ல சிலருக்கு, திரும்ப வராம இருக்க இது கொஞ்சம் உதவுதுன்னு ஆராய்ச்சி சொல்லுதும்மா. எல்லாருக்கும் இல்ல. ஆனா வந்துட்டா இது விரட்டாது, அதுக்கு வேற மருந்து” என்றார். பிறகு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அப்பா முந்திக்கொண்டு, “மாத்திரை தொண்டையில இறங்குற அளவுக்கு” என்றார். மானத்தை வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. திட்டு அவருக்குத்தான் கிடைத்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற மனுஷன், மீந்த சாற்றை வீணாக்கக்கூடாதென்று தினமும் குடித்திருக்கிறார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்து, “யாரைக் கேட்டுக் குடிச்சீங்க? அந்த மாத்திரையோட இது சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம்” என்றார்.

ஆகவே மாத்திரை மேல் குற்றமில்லை. அதன் தலையில் நான் ஏற்றிய பாரம்தான் அதிகம். இப்போது கவலை உன்னைப் பற்றி. சோதனைக்கூடத்தில் அந்த முழுப் பாதுகாப்பு உடையைக் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு நீயும் அடக்குகிறாய். லேசாக எரிகிறது, மாத்திரையை இரண்டிரண்டாகப் போடுகிறேன் என்று போனில் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் போ. போனிலும் சொல்லத்தான் போகிறேன், நீ சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாய், என் மகள்தானே. உனக்குச் சொல்கிற இந்த வாய்க்காரி காலையிலிருந்து கவுண்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. பலகை இன்னும் மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது.

நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் நன்றாக இரு. தண்ணீரை மறக்காதே.

அன்புடன்,
அம்மா

பி.கு. கையெழுத்துப் போட்டதும் பலகையைத் துடைத்து மாட்டிவிட்டுப் போய் வந்தேன். வரிசையில் ஒருவர் முறைத்தார். டிக்கெட் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார். பலகையைக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.