ரத்தினம்மா அக்காவுக்கு நான் வைத்த முடி

9.2.2006, வியாழன்

புத்தூர் போட்டோ கடையில் இன்று நான்தான் ராஜா. கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருக்களைப் பக்கத்துத் தோலை எடுத்துப் பூசி மறைத்தேன். அவளுடைய அம்மாவே “இது எம்பொண்ணா?” என்றாள். திருப்பதியில் மூன்று மாதம் போட்டோஷாப் படித்தது வீண் போகவில்லை. முதலாளி கோவர்த்தனன் எனக்கு ஸ்பெஷல் டீ சொன்னார்.

சாயங்காலம் எங்கள் தெரு ரத்தினம்மா அக்கா வந்தாள், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க. குவைத்தில் வீட்டு வேலை. மகள் ஹரிதாவை நர்சிங் சேர்க்க வேறு வழியில்லை என்று அவளே கிளம்புகிறாள். ஏஜெண்ட் சரி என்று சொன்னதுமே பொங்கலுக்குத் திருப்பதி மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டாள். இப்போதுதான் பச்சரிசி அளவுக்கு முளைத்திருக்கிறது.

“முடி வெச்சிக் குடுக்கட்டா அக்கா? அந்தூர்ல பார்த்தா எதனா நோவுன்னு நெனச்சிக்குவாங்க.”

“வேணாம் நைனா. பெருமாளுக்குக் குடுத்துட்டது. மறுபடி வெச்சிக்கினா, குடுத்தத பிடுங்கிக்கினா மாதிரி ஆவும்.”

சரி என்றேன். அவள் போன பிறகு கம்ப்யூட்டரில் அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை சும்மா இருக்குமா?

10.2.2006, வெள்ளி

வைத்துவிட்டேன். கல்யாணப் பெண்ணின் முடியையே வெட்டி ஒட்டினேன். நடு வகிடு, காதோரம் இரண்டு இழை கலைந்த மாதிரி. எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

அக்கா போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். “நாந்தான் வேணாம்னனே” என்றாள். ஏஜெண்டுக்கு மத்தியானமே கொடுக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “சாமி உன் போட்டோவையா வந்து பார்க்கப் போறாரு?”

வாங்கிக்கொண்டு போனாள்.

19.5.2006, வெள்ளி

அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாம். தெருவெல்லாம் காட்டினாள். “முடி அழகா இருக்குது” என்று அம்மா சொன்னபோது அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

20.7.2006, வியாழன்

சென்னை ஏர்போர்ட்டிலிருந்து அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் புருஷன் துலுக்காணம் அண்ணன் சொன்னது: அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், விரல் நீளம் வளர்ந்திருந்த அவள் தலையைப் பார்த்தார். எப்போது மொட்டை என்று கேட்டார். பொங்கலுக்கு என்றாள். போட்டோ எப்போது எடுத்தது? பிப்ரவரியில் என்றாள். “அப்புறம் எப்படிம்மா இவ்ளோ முடி?” அவ்வளவுதான். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் ஏறியிருப்பாள். ‘போட்டோ பழசு’ என்று ஒரு வார்த்தை. அவளுக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டையும் விசாரணைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பார்க்கப் போனேன். வாசலோடு நின்றேன். உள்ளே அழுகிறாள் — “குடுத்தத பிடுங்கிக்கினேனே, சாமி உடுமா?”

என் பெயரைச் சொல்லி அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

2.8.2006, புதன்

கடைக்கு போலீஸ்காரர் வந்தார். முதலாளி முன்னாடியே சொல்லிக் கொடுத்திருந்தார்: “அந்தம்மாவே போட்டோ கொண்டாந்துச்சி, நாம பிரிண்ட் போட்டோம், அவ்ளோதான்.”

நானும் அதையேதான் சொன்னேன். சரளமாக வந்தது. குரல்கூட நடுங்கவில்லை. தூ.

3.8.2006, வியாழன்

தட்டைத் தள்ளிவிட்டு என்னையே கேட்டுக்கொண்டேன்: இன்னாத்துக்குடா உனக்கு அந்த வேல? அவ வேணாம்னு சொன்னா இல்ல? கேட்டியா? பெரிய கைகாரன்னு காட்டிக்கணும். இப்போ அவதான் திருட்டு போட்டோ கொடுத்தவ. கேசு ஆச்சின்னா அவ எங்க போவா?

7.8.2006, திங்கள்

சித்தூருக்குப் போனேன். பஸ்ஸில் இரண்டு முறை பாதியில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். விசாரணை ஆபீசில் சி.டி.யைக் கொடுத்தேன். அதில் மொட்டைத் தலைப் படமும் இருக்கிறது, முடி வைத்ததும் இருக்கிறது. அந்த அம்மா வேண்டாம் என்று சொன்னதைத் தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை சொன்னது பொய் என்றும் எழுதினேன்.

அதிகாரி படித்துவிட்டு, “எந்துகய்யா ஈ பனி?” என்று கேட்டார். ஏன் செய்தேன்? “சும்மா சார்” என்றேன். அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை.

சாயங்காலம் முதலாளி கடையை விட்டு அனுப்பிவிட்டார்.

15.9.2006, வெள்ளி

திருச்சானூரில் வேலை, லாட்ஜ்களுக்கு நடுவில் ஒரு போட்டோ கடை. அக்கா மேல் கேஸ் இல்லை, புதிதாக விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் குவைத் வீட்டுக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். ஹரிதா நர்சிங் சேரவில்லை. நகரியில் தறிக்குப் போகிறாள்.

ஊருக்குப் போனால் பின் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

20.11.2006, திங்கள்

மத்தியானம் கடை வாசலில் ரத்தினம்மா அக்காவும் துலுக்காணம் அண்ணனும். மலையிலிருந்து இறங்கி, இங்கே தாயார் கோயிலுக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்கள். அக்கா தலையில் முடி இல்லை. தீபாவளிக்குக் குட்டி ஜடை போடும் அளவுக்கு வந்திருந்தது என்று அம்மா சொன்னாளே. தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தாள்.

கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

“இன்னாக்கா இது?”

“அன்னிக்கு பிடுங்கிக்கினது. இன்னிக்கு திருப்பிக் குடுத்துட்டேன்.”

“முடி வெச்சது நானுக்கா. சாமி என்னத்தானே கேக்கணும்? நீ ஏன் குடுத்த?”

“வெச்சது நீதான். தல யாருது?”

எனக்கு அழுகை வந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. மஸ்கட்டில் ஏதோ வேலை இருக்கிறதாம், புது பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டும் என்றாள். தெரு முழுக்கப் போட்டோ கடை இருக்கும்போது ஏன் என்னிடம் வந்தாள் என்று கேட்கத் தைரியம் இல்லை.

சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்தேன். காதுக்கு மேலே கத்தி பட்ட கீறல் திரையில் பளிச்சென்று தெரிந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தக் கீறலோடேயே பிரிண்ட் வெளியே வரும்வரை மவுஸில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.