நின்றதைச் சொல்லாத சோபா

ஆடிப் பெருக்கு, இரவு.

மனசு ஆறவே இல்லை. விடியற்காலையில் எழுந்து புளியோதரை, தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் நின்றபடியே செய்தேன். எல்லோருமாக அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரியைக் கும்பிட்டுத் திரும்பியதும், பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் புது சோபாவில் சாய்ந்தேன். அது என் வீட்டுக்காரர் தன் முதுகுவலிக்கு வாங்கியது. யார் உட்கார்ந்தாலும் படுத்தாலும் அதன் மெத்தைத் துணிக்குத் தெரிந்துவிடும். உடனே அவர் போனுக்குச் சொல்லிவிடும்.

சாயங்காலம் அவர், பண்டிகைக்கு வந்திருந்த தன் அக்காவிடம் போனை நீட்டிச் சிரிக்கிறார். "பாருக்கா, மேடம் இன்னிக்கு மத்தியானம் பூரா படுக்கைதான்!"

"காலையிலேர்ந்து நின்னேனே, அது அதுல வருதாங்க?" என்றேன்.

"நீ நிக்கிறதெல்லாம் சோபாவுக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். என் புளியோதரையை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்ற வாய்!

சோபா மெத்தையை உருவி இழுத்து வந்து அடுப்புக்கு முன்னால் போட்டுவிட்டேன். நாளைக்கு அதன்மேல் நின்றுதான் இட்லி ஊற்றுவேன். சாம்பார் சிந்தினால் சிந்தட்டும். நான் நிற்பதும் அவர் போனில் வரட்டும்.