என் பெயர் கிடைக்காத தட்டைப்புழு

அன்புத் தோழிக்கு,

போன வாரம் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் அருப்புக்கோட்டையில் பல் டாக்டரிடம் போனேன். அவர் பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டு வைத்ததும் எனக்குக் கண்ணீர் கொட்டியது. "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று பாவம், அந்த இளைஞர் பதறிப்போனார். வலி ஒன்றுமில்லை. அந்த வாசனையோடு நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். என் தோழி ஒருத்தி புழுக்களைக் கிராம்பு எண்ணெயில் ஊறப்போடுவாள், அவள் இப்போது இல்லை என்று வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நீ கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். நான் தினமும் பஸ் ஏறித் திருச்சுழிப் பள்ளிக்குப் போய்வரும் ஓவிய ஆசிரியை. கடல்மீன்களின் உடம்பில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களை இனம் பிரித்து அடையாளம் சொல்வதுதான் உன் ஆராய்ச்சி. "ஏண்டி, குடிக்கிற தண்ணிக்கே கொடத்தத் தூக்கிட்டு அலையுற ஊருல ஒனக்குக் கடல்மீனு கேக்குதா?" என்று கேட்டேன். "மீனுதான் பஸ்ஸேறி வருதுல்ல, அப்புறம் என்ன?" என்றாய்.

வந்ததும் உண்மைதான். ராமநாதபுரம் பக்கமிருந்து ஐஸும் உமியும் போட்ட பெட்டிகளில் மீன் வந்து இறங்கும். சந்தையில் மீன்காரம்மா உன்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "செவுளு டீச்சரம்மா வாராக, தலைய எடுத்து வையி" என்று சத்தம் போடுவார். எல்லோரும் நடுத்துண்டு கேட்கிற இடத்தில் நீ ஒருத்தி மட்டும் செவுளைக் கேட்பாய். அதை உன் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. வீட்டில் கன்னடம் பேசும் உன் அம்மா, எனக்கும் உறைக்க வேண்டும் என்பதற்காகவே தமிழில் திட்டுவார். "மீனு நாத்தத்தோட தறிப் பக்கம் வந்துராத, சேலையில ஏறிக்கிரும்." அதனால் என் வாடகை அறைதான் உன் ஆய்வுக்கூடம். அறையை வாடகைக்கு விட்டவர் நாற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, பூனை வளர்க்கிறேன் என்று பொய் சொல்லிச் சமாளித்தேன்.

செவுளின் மடிப்புகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரிப்பாய். அரிசி நொய் அளவுகூட இல்லாத ஒரு புழு கிடைத்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்குச் சாயம் ஏற்றுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. சாயத்தொட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் அல்லவா. "கூடிப்போச்சுடி, அலசணும்" என்று நூல்கண்டைச் சொல்வது போலச் சொல்வாய். பிறகு கிராம்பு எண்ணெய். உடம்பு கண்ணாடியாகத் தெளிந்ததும் என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்த்தி வரையச் சொல்வாய். பின்பக்க ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கவ்விகள் இருக்கும். செவுளை விட்டு நழுவாமல் புழு பிடித்துக்கொள்வது அவற்றால்தான். "ஒடம்ப எப்படி வேணா வரஞ்சுக்க. கவ்வியில மட்டும் கைய வச்சுராத, எந்த இனம்னு காட்டிக்கொடுக்கிறது அதுதான்" என்பாய்.

ஒரு பாறை மீனின் செவுளில்தான் அந்தப் புழு கிடைத்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அகன்ற உடம்பு. வேறு பெட்டி மீன்களிலும் அதே போலக் கிடைத்தது. புது இனம் என்று நீ எழுதியதை மதுரையில் இருந்த உன் பேராசிரியர் ஒத்துக்கொண்டார். கட்டுரையும் அச்சுக்குப் போக இருந்தது. உன் ஆராய்ச்சிப் பட்டமே அந்தப் புழுவை நம்பித்தான் இருந்தது. "ஒம் பேரத்தான் வச்சிருக்கேன், லத்தீன்ல" என்று நீ சொன்ன அன்று, பள்ளியில் தலைமையாசிரியை வரை எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டேன். புழுவுக்கா பெயர் வைத்தார்கள் என்று அவர்கள் சிரித்தபோதும் எனக்குப் பெருமை குறையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் படத்தையும் ஒரு பழைய புத்தகப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். "ஒடம்புதான் வேறயா இருக்கு. கவ்வி ரெண்டுலயும் ஒண்ணுதான்டி." மறுநாளே மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தேவிபட்டினத்துக்கு பஸ் ஏறினாய். நானும் கூட வந்தேன். கரையேறிய வள்ளத்திலிருந்து பாறை மீன் வாங்கி, கடல்தண்ணீரிலேயே செவுளைப் பிரித்தாய். உயிரோடு நெளிந்தது அந்தப் பழைய புத்தகத்துப் புழு, ஒடுங்கிய உடம்போடு. பிறகு ஒரு கிண்ணத்தில் ஐஸ் உருகிய தண்ணீரை ஊற்றி அதைப் போட்டாய். நாம் டீ குடித்து வருவதற்குள் அது ஊதி அகன்று, நான் வரைந்த புழுவாகவே கிடந்தது. நம் ஊருக்கு வருகிற வழியெல்லாம் உப்பில்லாத ஐஸ் தண்ணீரில் ஊறியதால் வந்த உருவம் அது. புது இனம் எதுவும் இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யாருடி வந்து பாக்கப்போறா? பேசாம இரு" என்றேன். நீ கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "இதப் படிச்சுட்டு இன்னொருத்தி வருவாடி. இல்லாத புழுவத் தேடி அவ எத்தன செவுளப் பிரிப்பா, சொல்லு."

அங்கிருந்த தபால் ஆபீஸிலேயே கட்டுரையை நிறுத்தச் சொல்லித் தந்தி கொடுத்தாய். பட்டம் தள்ளிப்போனது. உனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். நீ மறுபடி முதல் செவுளிலிருந்து தொடங்கினாய், இந்த முறை கடற்கரைக்கே போய். ஊர் திரும்பும் பஸ்ஸில் என்னிடம், "பேருக்கு ஆசப்பட்டுட்டியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். உண்மையில் உன்னை நினைத்து எனக்குக் கர்வமாக இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன்னைப் போல நேர்மையான ஆளை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து, மதுரை ஆஸ்பத்திரியில் நீ கிடந்தாய். சிறுநீரகம் கெட்டு உன் முகமும் காலும் ஊதியிருந்ததால், வாசலில் நின்ற நான் ஒரு நொடி வேறு கட்டிலைத் தேடினேன். நீ அதைக் கவனித்துவிட்டாய். "அடையாளம் தெரியலயாடி? ஐஸ் தண்ணியில போட்டுட்டாக" என்று சிரித்தாய். அருகில் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். அந்த நாட்களில் மீன் வாங்கப் போகும்போது சந்தைக் கூட்டத்தில் நான் தொலைந்துவிடாமல் பிடிப்பாயே, அதே பிடி.

"தெரியுது, தெரியுது. கவ்வி மாறலையே" என்றேன்.

நர்ஸம்மா நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரை நீ விடவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நீ இன்னும் விடவில்லை.