கடப்படியில் நின்ற மணம்

கார்த்திகை 2, செவ்வாய்

காலமே மழை. அவித்த நெல் காயவில்லை. முழங்கால் உளைவு.

நிலாணி வந்தாள். பாக்கியத்தின் பேத்தி. பாக்கியம் என் கூடப்பிறந்த தங்கச்சி. செத்து முப்பத்தோராம் நாள் போன கிழமைதான் முடிந்தது. நான் போகவில்லை. சோறு கொடுத்தனுப்பினார்கள். கோழிக்குப் போட்டேன்.

பிள்ளை ஆற்றோரத்தால் சுற்றி வந்திருக்கிறாள். முழங்கால் வரை சேறு.

"பெரியம்மம்மா, மழை கூடினா ஆத்தோரப் பாதை தண்ணிக்குள்ள தாண்டு போயிரும். ஒழுங்கைய காணி உறுதியில எழுதித் தந்தாத்தான் மாப்பிள்ளை வீட்டாக்கள் கலியாணத்துக்கு நாள் வைப்பாங்களாம்."

"உன்ட அம்மம்மா வந்து அந்தக் கடப்படியில நிண்டு, தன்ட வாயால கேக்கட்டும் எண்டு அண்டைக்கே சொன்னன். ஊருக்கே தெரியும்."

"அவதான் செத்துப் போயிட்டாவே!"

"அது அவட பாடு."

அழுதாள். மூக்கைச் சிந்தினாள். பாக்கியத்தின் மூக்கு.

ரோட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை என் வளவுக்குள்ளால்தான் போகிறது. அதன் வாயில் ஆள் நுழைய இருந்த கடப்பை முள்ளுக்கம்பியால் நானே அடைத்தேன். அந்த வீடு எங்கள் அம்மாவின் வீடு. தாய்வீடு மூத்த மகளுக்குத்தான். அது வழமை. பாக்கியத்துக்கு வந்த மாப்பிள்ளை வாத்தியார், அந்த வீடு இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். அம்மா கொடுத்துவிட்டா. எனக்கு ரோட்டோர வளவு. அன்றைக்கு அம்மா கட்டியிருந்தது பச்சைச் சேலை, கரையில் ஒரு பொத்தல். எல்லாம் நினைவிருக்கிறது.

பேனையும் அப்படித்தான். அவளைத் தூக்கி வைத்திருக்கவென்று என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். இடுப்பில் இருந்தவள் படித்துப் பாஸ் பண்ணினாள். அப்பா அவளுக்கு ஒரு மைப்பேனை வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தொடவும் தரவில்லை.

"அந்தப் பேனையக் கொண்டு வா புள்ள. மறுகா பாப்பம்," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. சொன்னது சொன்னதுதான்.

கார்த்திகை 3, புதன்

மந்தாரம். மழை இல்லை. வாங்கவேண்டியது: மண்ணெண்ணெய், கொச்சிக்காய்த் தூள், கோழிக்குக் குருணல்.

நி. பேனையோடு வந்தாள். புது மைப்போத்தலும் ஒன்று. என்னைக் குளிர்விக்கக் காத்தான்குடிக் கடையில் அத்தரும் வாங்கியிருக்கிறாள். கண்ணாடிக் குப்பி, விரல் நீளம்.

"பூ வாசமில்ல, பெரியம்மம்மா. மழை விழுந்த மண்ண வடிச்சதாம்."

"மண்ண ஆராவது காசு குடுத்துப் பூசுவாங்களா? செத்தா சும்மா கிடைக்குமே."

சிரித்தாள். மணிக்கட்டில் ஒரு துளி தேய்த்துவிட்டுப் போனாள்.

பேனை எழுதவில்லை. உதறினேன். சுவரில் இருந்த பிள்ளையார் முகமெல்லாம் நீலம். சுடுதண்ணீரில் போட்டேன், கோப்பை முழுக்க நீலம். மை விட்டு நிரப்பினேன். வட்டம் போட்டால் எழுதுகிறது. கோடு இழுத்தால் எழுதுகிறது. என் பெயரில் முதல் எழுத்தோடு நின்றுவிடுகிறது. பிறகும் வட்டம், எழுதுகிறது. பெயர், இல்லை.

பாக்கியம் என்று எழுதிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

மூடி வைத்துவிட்டேன்.

கை மணம் மாறுகிறது. முதலில் மழை மண். சமைக்கும்போது ஆற்றுச்சேறு. பின்னேரம் மணந்து பார்த்தேன். வேப்பெண்ணெய் வைத்த ஈரத் தலைமயிர். இடுப்பில் இருக்கும்போது என் தோளில் சாய்த்துக்கொண்டே இருப்பாளே, அந்தத் தலை.

சவர்க்காரம், தேசிக்காய், சாம்பல். தோல் எரிகிறது. மணம் போய்விட்டது.

விளக்கு வைக்கிற மம்மல் நேரம் வாசலுக்கு வந்தேன். கடப்படியில் அதே மணம். கையில் இல்லை. அங்கே நிற்கிறது. மனுச உயரத்தில்.

கார்த்திகை 5, வெள்ளி

நேற்று ஒன்றும் எழுதவில்லை. மம்மலுக்கு வந்தது. நின்றது. "கேளன்," என்றேன். ஒன்றுமில்லை. அவளுடைய பிடிவாதம் ஊருக்கே தெரிந்தது.

இன்று உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். நி.யும் தாயும் பின்னால். கையெழுத்து வைப்பேன் என்று நான் சொல்லவில்லை. பேனை எழுதுகிறதா பார்ப்போம் என்றுதான் சொன்னேன். நொத். சிரித்தபடி போல்பொயின்ற் பேனை நீட்டினார்.

"வேணாம் ஐயா. எழுதினா இதால, இல்லாட்டி இல்ல."

பேனையைக் கடதாசியில் வைத்தேன். உள்ளே இருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. உறுதியில், என் வெள்ளைச் சேலையில், நொத். விரலில். நான் எழும்பிய வேகத்தில் மைப்போத்தலும் கவிழ்ந்தது. ஒரு துளி மிச்சமில்லை.

நி.யின் தாய் சொன்னாள்: "அம்மாதான் ஒப்பமில்ல எண்டு காட்டுறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தும் விடுகிறாள் இல்லை. கேட்கவும் மாட்டாள், தந்தால் வாங்கவும் மாட்டாள். திங்கள் புது உறுதியோடு வருவாராம். ஆற்றோரம் இப்போதே இடுப்பளவு தண்ணீர்.

சேலையில் கறை போகவில்லை.

கார்த்திகை 6, சனி

மழை விட்டுவிட்டு.

மீன்காரி செல்லம்மா கடப்படியில் கூடையை இறக்கி மூக்கைச் சுளித்தாள்.

"என்ன கா இது, ரோட்டுப் பக்கம் ஆத்துச்சேறு மணக்குது?"

அவளுக்கும் மணக்கிறது.

"அழுகல் மீனா இருக்கும்," என்றேன்.

"என்ட மீனச் சொல்லாத கா! இது ஈரத் தலை மணம்." கிறுகி ஒழுங்கையைப் பார்த்தாள். "பாக்கியக்காவ உங்கட வளவால கொண்டு போகல்லயே?"

கொண்டுபோகவில்லை. "அவட வளவால என்ட பிணமும் போகப்படாது, ஆத்தால கொண்டு போங்க," என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாள். தோணியில் போனாள். வேலியில் நின்று பார்த்தேன். அதையும் எனக்கு எதிராகவே செய்தாள்.

"தோணிய அண்டைக்கே கவுத்து வச்சிட்டாங்க," என்றாள் செல்லம்மா. "செத்த ஆள் அதில திரும்பி வரப்படாதெண்டு. மறுகா அவ வீட்டுக்கு எதால கா வாற?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீன் வாங்க மறந்துபோனேன்.

மத்தியானம் முழுக்க அதே யோசனை. ரோட்டால் வந்திருக்கிறாள். வேறு வழி ஏது? என்னிடம் கேட்க வரவில்லை. என்னைப் பார்க்கவும் வரவில்லை. கம்பிக்கு வெளியே நிற்கிறாள், அவ்வளவுதான்.

மம்மல் நேரம். வந்துவிட்டாள். குறடு எடுத்துப் போனேன். கம்பி துருப்பிடித்து மரத்தோடு வளர்ந்துவிட்டது. உள்ளங்கை கிழிந்தது. வெட்டி இழுத்து ஒருபக்கம் போட்டேன்.

வா என்று நான் சொல்லவில்லை. அக்கா என்று அவள் சொல்லவில்லை. என் தோளை உரசிக்கொண்டு ஈரமாக ஒன்று போனது. ஒழுங்கையால் நேரே. கிறுகிக்கூடப் பார்க்கவில்லை. அங்கால் அம்மா வீட்டு நாய் ஒருதரம் குரைத்தது. பிறகு வாலடிக்கிற நேரம் முனகுமே, அந்த முனகல்.

திமிர் பிடித்தவள்.

உள்ளே வந்து பேனையைத் திறந்தேன். என் பெயரை எழுதினேன். நிற்காமல் போனது, கடைசி எழுத்து வரை. திங்கள் வைக்கலாம் கையெழுத்து. நி.க்கு விடியச் சொல்லவேண்டும், ஒழுங்கையால் வா என்று.

இன்றைய வரிகள் எல்லாம் அதால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொட்டிய பிறகு நான் இதற்கு மை விடவில்லை. இன்னும் எழுதுகிறது.